வெயிலைச் சொல்லாத பட்டியல்

கொஞ்ச நாளா ஒரு வேலை பண்ணிட்டிருக்கேன். "சருமம் இளமையாக ஜொலிக்க" என்று தொடங்குகிற உணவுப் பட்டியல்கள் எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து வைப்பது. வாட்ஸ்அப்பில் வந்தது, பெண்கள் பத்திரிகையில் வந்தது, வீடியோவில் யாரோ சொல்ல நான் எழுதிக்கிட்டது என்று ஒரு நோட்டு நிறைஞ்சிடுச்சு. இதை மருத்துவக் குறிப்பாகப் பார்க்காமல், சிறுகதை, பயணக்கட்டுரை மாதிரி ஒரு எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு வாசித்தால் என்ன தெரியும்? அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த வகையின் இலக்கணம். பத்து உணவு இருக்கும். முதல் மூன்றுக்குள் மீன் வந்துவிடும், பெரும்பாலும் சால்மன். பிறகு அவகாடோ, புளூபெர்ரி, வால்நட், கீரை, ஆரஞ்சு, கிரீன் டீ, "நிறைய தண்ணீர்". ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சத்தின் பேர்: ஒமேகா-3, வைட்டமின் சி, துத்தநாகம், ஆன்டிஆக்ஸிடன்ட். கடைசியில் கொலாஜன் பவுடர் லேசாக எட்டிப் பார்க்கும். வாசகர் எப்போதும் "நீங்கள்". அந்த "நீங்கள்" என்ன வேலை பார்க்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வெளியில் நிற்கிறார் என்று எந்தப் பட்டியலும் கேட்காது.

இன்னொரு விஷயம். "ஆரோக்கியமான, இளமையான சருமம்" என்று இரண்டு சொல்லும் சேர்ந்தேதான் வரும். ஒன்று கிடைத்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும் என்கிற மாதிரி. இந்தக் குறிப்பு முழுக்க அந்த நடுவில் இருக்கிற காற்புள்ளி பற்றித்தான்.

அது உறுத்த ஆரம்பிச்சது தோணிரேவுல.

தோணிரேவு பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற மீனவர் ஊர். தோணி நமக்குத் தெரியும். ரேவு தெலுங்கு, படகுத்துறை என்று அர்த்தம். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு முனை நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. அதனால் ஊர்ப் பேரிலேயே இரண்டு மொழியும் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

அங்கே போனது வேறு ஒரு வேலையாக. ஏரியில் பெண்கள் கையால் தடவி இறால் பிடிப்பதைப் பற்றிக் குறிப்பெடுக்க. வலை கிடையாது. இடுப்பளவு தண்ணியில் உட்கார்ந்த மாதிரி நகர்ந்துகொண்டே, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போடுவார்கள். பறின்னா பின்னிய சின்னக் கூடை. இரண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கறதால பறியைப் பல்லால கடிச்சுப் பிடிச்சுக்குவாங்க. மணிக்கணக்கா இந்த வேலை.

கரையேறி வந்து இறாலைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தரிடம் பேச்சுக் கொடுத்தேன். "பேரப்பிள்ளைங்க எத்தனை ஆயா?" என்று கேட்டேன். அவங்க கை நின்னுச்சு. அப்புறம் சிரிச்சாங்க.

"ஆயாவா? எனக்கு நாப்பத்தாறுதான் ஆவுது தம்பி."

என்னைவிட ரெண்டு வயசுதான் மூத்தவங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. அக்கான்னு மாத்திக் கூப்பிட்டேன். அவங்க ஒண்ணும் நினைக்கல. எனக்குத்தான் அன்னிக்கு முழுக்க அது போகல.

அப்புறம் என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டேன். நோட்டு நிறைய பட்டியல் வச்சிருக்கிறவனுக்கு அது தானா வந்த கேள்வி. காலையில் பழைய சோறும் சுட்ட கருவாடும். மத்தியானம் மடவையோ கிழங்கானோ குழம்பு. விலை போகாத காரப்பொடி கிடைத்தால் தலையோடு, முள்ளோடு அப்படியே. சென்னாக்குன்னி போட்டு முருங்கைக்கீரை. உடைந்த நண்டு இருந்தால் ரசம். நல்ல இறால்? "அது ஏலத்துக்குப் பூடும்."

வீட்டுக்கு வந்து பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். ஒமேகா-3, இருக்கு. துத்தநாகம், நண்டும் சென்னாக்குன்னியும் கொடுக்கும். புரதம் தினமும். வைட்டமின் ஏ-க்குக் கீரையும் முழுசாகச் சாப்பிடும் சின்ன மீனும். பாக்கெட்டில் வரும் தின்பண்டம் அனேகமாக இல்லை. பத்துக்கு எட்டு மார்க் போடலாம். அந்த எட்டு மார்க் வாங்கின முகத்தைப் பார்த்துத்தான் நான் ஆயா என்று கூப்பிட்டேன்.

அப்போ பட்டியல் பொய்யா? அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் நானும் அதே தப்பைச் செய்கிறவன் ஆவேன். சாப்பாட்டுக்கும் தோலுக்கும் இருக்கிற உறவு உண்மையானது, பழையது.

வைட்டமின் சி இல்லாமல் உடம்பு கொலாஜன் இழையை உறுதியாகக் கட்ட முடியாது. அந்தச் சத்து அடியோடு நின்றுபோனால் ஈறில் ரத்தம் கசியும், ஆறின பழைய தழும்புகூட மறுபடி திறக்கும். கப்பல்காரர்களுக்கு வந்த ஸ்கர்வி அதுதான். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் சீக்கிரம் எழுந்தார்கள். நம்ம ஊரில் இதற்கு ஆரஞ்சைத் தேடிப் போகவும் வேண்டாம். எடைக்கு எடை ஆரஞ்சைவிட ஏறத்தாழ நாலு மடங்கு வைட்டமின் சி கொய்யாவில் இருக்கு. ஒரு பட்டியலில்கூட கொய்யா முதல் இடத்தில் வந்து நான் பார்க்கலை.

நம்ம பக்கத்துக் கதையும் உண்டு. முழங்கை, முழங்கால், பின்தொடையில் முள்முள்ளாகத் தோல் சொரசொரப்பாகிற ஒரு நிலையை 1933-ல் கொழும்பில் வேலை பார்த்த லூசியஸ் நிக்கல்ஸ் என்கிற மருத்துவர் விவரித்து, ஃப்ரைனோடெர்மா என்று பேர் வைத்தார். கிரேக்கத்தில் தேரைத்தோல் என்று அர்த்தம். வைட்டமின் ஏ, பி வகைகள், அவசியமான கொழுப்பு அமிலங்கள் ஆகியவற்றின் குறைவோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். நம்ம ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் 1918-ல் நம்ம குன்னூரில், ராபர்ட் மெக்காரிசனின் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். 1958-ல்தான் ஹைதராபாத்துக்குப் போச்சு. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அங்கே இருந்தபோது பெலாக்ரா பற்றி நிறைய வேலை செய்தார். தக்காணத்தில் சோளத்தையே பிரதானமாகச் சாப்பிட்ட ஏழைகளுக்கு வந்த நோய். நியாசின் குறைவு. அந்த நோயில் தோல் கறுத்து, தடித்து, உரியும். ஆனா உடம்பு முழுக்க இல்லை. கழுத்து, முன்கை, புறங்கால் என்று வெயில் படுகிற இடத்தில் மட்டும். சட்டை மூடின இடம் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். சாப்பாடும் வெயிலும் ஒரே தோலில் சந்திக்கிற இடம் அது. பட்டியல் எழுதுகிறவர்கள் இந்த ஒரு நோயைப் படித்திருந்தால் போதும், பாதிப் பட்டியலை வேற மாதிரி எழுதியிருப்பார்கள்.

சின்ன மீனை முழுசாகத் தின்பதற்கும் ஆதாரம் இருக்கு. வங்கதேசத்தில் மோலா என்கிற விரல் நீள மீனின் கண்ணிலும் உள்ளுறுப்பிலும் வைட்டமின் ஏ மிக அதிகம் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் சகுந்தலா தில்ஸ்டெட். 2021-ல் உலக உணவுப் பரிசு வாங்கினார். காரப்பொடியை முள்ளோடு தின்கிற தோணிரேவு வழக்கம் அந்தப் பக்கத்து ஞானம்தான்.

ஆக, குறை இருந்தால் தோல் கெடும், குறையை நிரப்பினால் தோல் தேறும். இதுவரைக்கும் சரி. "ஆரோக்கியமான" என்ற சொல்லுக்குச் சாப்பாடு பொறுப்பேற்கலாம். ஆனால் குறை இல்லாதவர் இன்னும் கூடுதலாகச் சாப்பிட்டால் வயசு பின்னால் போகுமா? காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேள்வி இது. இதற்குச் சான்று ரொம்ப மெலிசு.

நியாயத்துக்கு, பட்டியல்காரர்கள் பக்கம் இருக்கிற நல்ல ஆய்வையும் சொல்றேன். 2001-ல் வந்தது. ஆஸ்திரேலியா, கிரீஸ், ஸ்வீடனில் இருந்த 453 முதியவர்களைப் பார்த்தார்கள். காய்கறி, பருப்பு, ஆலிவ் எண்ணெய், மீன் அதிகம் சாப்பிட்டவர்களுக்குச் சுருக்கம் குறைவாகவும், இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை அதிகம் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகவும் இருந்தது. நல்ல சேதிதான். ஆனால் இது கவனித்துச் சொன்னது, கொடுத்துப் பார்த்துச் சொன்னது இல்லை. காய்கறி நிறைய சாப்பிடுகிறவர் வேறு பல விஷயத்திலும் வித்தியாசமாக இருப்பார்.

கொடுத்துப் பார்த்த ஆய்வும் ஒண்ணு இருக்கு. ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்கிற ஊர். 1992 முதல் 1996 வரை, 55 வயசுக்குக் கீழே இருந்த 903 பேர். ஒரு பாதிப் பேரைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். மறுபாதி அவரவர் இஷ்டம். அதோடு சிலருக்குத் தினமும் 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. புறங்கைத் தோலை அச்செடுத்து, தொடக்கத்திலும் நாலரை வருஷம் கழித்தும் ஒப்பிட்டார்கள். 2013-ல் வெளிவந்த முடிவு: தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. பீட்டா கரோட்டினால் மொத்தத்தில் ஒரு பலனும் தெரியலை. ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே அளவுகோல். வெயிலைத் தடுத்தது வேலை செய்தது, மாத்திரை செய்யலை. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கிற ஆண்களிடம் செய்த வேறொரு ஆய்வில் (1994) பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடவே செய்தது. "ஆன்டிஆக்ஸிடன்ட்தானே, எவ்வளவு எடுத்தாலும் நல்லது" என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். கேரட் தின்பதில் பயம் ஒன்றும் இல்லை, மாத்திரை வேறு.

ஒரு படமும் இருக்கு. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 28 வருஷம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயசுக்காரர். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் பள்ளமும் மேடுமாகத் தடித்துத் தொங்குது. வலது கன்னம் எவ்வளவோ தேவலை. ரெண்டு கன்னத்துக்கும் போனது ஒரே சாப்பாடு.

இப்போ தோணிரேவு அக்காவுக்குத் திரும்பி வருவோம். தண்ணிக்குள் இருந்தால் வெயில் படாது என்று நமக்கு ஒரு நினைப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் இருக்கிற புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கும். காய்ந்த மணல் 15 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மேலே இருந்து ஒரு வெயில், கருவாடு காயப்போடுகிற மணலில் இருந்து இன்னொரு வெயில். கூடவே உப்புத் தண்ணி கையை ஊறவைத்து ஊறவைத்துத் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். இறாலின் கொம்பு குத்தின புண் வேற. நம்ம கறுப்புத் தோலில் இருக்கிற மெலனின் நிஜமாகவே ஒரு காவல், அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிடச் சுருக்கம் நமக்குத் தாமதமாக வருது. ஆனால் அந்தக் காவலுக்கும் அளவு உண்டு. முப்பது வருஷம் ஏரியில் நின்றால் திட்டுத்திட்டாகக் கறுக்கும், பிறகு மடியும்.

கொலாஜன் கதைக்கு வரேன். அந்த அக்காவின் மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சம்பளத்தில் ஒரு டப்பா கொலாஜன் பவுடர் வாங்கியிருக்கிறாள், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். டப்பாவில் மீன் படம்.

"இன்னாத்துல செய்றாங்கன்னு கேட்டேன். மீன் செதிலு, தோலு, அதுலேர்ந்துதானாம். நாங்க அதைக் கரையில கொட்டறோம். இவ காசு குடுத்து வாங்கியாறா" என்று அக்கா சிரித்தார்.

அவங்க சொன்னது சரி. மீன் கொலாஜன் என்று விற்பது தோலிலும் செதிலிலும் இருந்து எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக உடைத்த புரதம்தான். அதைத் தின்றால் நேராகக் கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிறு அதை மேலும் உடைக்கும். சில துண்டுகள் ரத்தம் வரை போகின்றன என்பது உண்மை. தோலின் ஈரப்பதமும் நெகிழ்வும் கொஞ்சம் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் 2025-ல் 23 ஆய்வுகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளைத் தனியாக எடுத்தால் பலன் காணோம். தரமான ஆய்வுகளைத் தனியாக எடுத்தாலும் காணோம்.

அஸ்டாக்சாந்தின் என்று இன்னொரு மாத்திரை, அதுவும் தோலுக்குத்தான். இறாலும் நண்டும் வெந்தால் சிவக்குதே, அந்தச் சிவப்பு அதுதான். உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும், சூட்டில் விட்டுவிடும். மாத்திரைக்கு அதைப் பெரும்பாலும் பாசியில் இருந்து எடுக்கிறார்கள். தோணிரேவில் அது ரசத்தில் மிதக்குது.

இங்கேதான் இந்த எழுத்து வகை மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை. இதன் "நீங்கள்" நிழலில் இருப்பவர். ஏசியில் வேலை, காரில் பயணம். வெயில் அவர் வாழ்க்கையில் சின்ன விஷயம், அதனால் அவர் முகத்தைச் சாப்பாட்டால் விளக்கிவிடலாம். அதே விளக்கத்தை வெளியில் உழைக்கிறவர் மேல் வைத்தால் அது பழியாக மாறிடுது. "முகம் இப்படி இருக்கே, சரியாச் சாப்பிடறதில்லையா?" அந்த மகளும் அதைத்தான் சொல்கிறாளாம்: "நீ கண்டதைத் தின்னுட்டு இப்படி ஆயிட்ட, நான் ஆக மாட்டேன்." உண்மையில் அம்மா தின்றது மகளின் கேன்டீன் சாப்பாட்டைவிட நல்ல சாப்பாடாக இருக்கலாம். மகளுக்குக் கிடைத்து அம்மாவுக்குக் கிடைக்காதது கூரை.

இரண்டாவது குறை, சால்மன். நார்வே மீனின் பேரைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மத்தி, மடவை, நெத்திலி என்று எழுத ஏன் கை வரலை? மத்தியில் ஒமேகா-3 தாராளமாக இருக்கு, விலை எத்தனையோ பங்கு குறைவு. மூன்றாவது, "ஜொலிக்கும்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற "வெள்ளையாக". நல்ல தோல் எந்த நிறத்திலும் நல்ல தோல்தான்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நான் ஒரு பட்டியல் எழுதினால் இப்படி எழுதுவேன். வெயிலில் வேலை செய்கிறவருக்கு முதல் வரி: முழுக்கைச் சட்டை, தலையில் அகலமாக ஏதாவது. வயல்வேலைக்குப் போகிற பெண்கள் புடவை மேல் ஆண்கள் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விலையில்லாத நல்ல மருந்து அது. முடிந்தால் சன்ஸ்கிரீன். தண்ணியில் இருந்து வந்ததும் நல்ல தண்ணியில் கை கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பிறகுதான் சாப்பாடு: வாரத்தில் சில நாள் சின்ன மீன், எண்ணெய் விட்டு வதக்கின கீரை (வைட்டமின் ஏ உடம்பில் சேரக் கொழுப்பு வேணும்), கொய்யாவோ நெல்லிக்காயோ, பருப்பு. டீயில் சர்க்கரையைக் குறைப்பது. பீடி, சிகரெட், புகையிலை வேண்டாம். அவ்வளவுதான், பத்து வரலை.

கடைசியாக ஒரு வரி சேர்ப்பேன், பட்டியல்களில் வராதது. இந்தச் சாப்பாடு ஏரியில் இருந்து வருது. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் அந்த வருஷம் பறி நிறையாது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தையும் எதிர்த்து இந்தப் பக்கத்து மீனவர்கள் வருஷக்கணக்கா பேசிக்கிட்டிருக்காங்க. நல்ல இறால் ஏலத்துக்கும், பெரிய சேற்று நண்டு உயிரோடு சிங்கப்பூர் வரைக்கும் போவது ஏற்கெனவே நடக்குது. மிச்சம் இருப்பது காரப்பொடியும் உடைந்த நண்டும். அதுவும் போனால் அந்த வீட்டுக்கு நிஜமாகவே சத்துக்குறை வரும். அப்போ இந்தப் பட்டியல்கள் சொல்வது அவங்களுக்குப் பொருந்த ஆரம்பிக்கும்.

கிளம்பும்போது அக்கா கேட்டாங்க: "அப்ப எம்பொண்ணு வாங்கறது வேஸ்டா தம்பி?"

பவுடர் அனேகமா வேஸ்ட்டுதான்க்கா, ஆனா உங்களை மாதிரி ஆகாம இருக்கணும்னா அவ அந்த நிழல் இருக்கிற வேலையை விடாம இருந்தா போதும்னேன். சொன்னப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது.

அவங்க பறியை எடுத்துக்கிட்டு, "அது தெரிஞ்சுதானே படிக்க வச்சேன்"ன்னாங்க.